ஆர்கானிக் முத்திரை: கேட்டது யார், கொடுத்தது யார்?

பேரங்காடியின் காய்கறிப் பகுதியில் இரண்டு கட்டுக் கீரை அருகருகே வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே வாசனை. ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட இரண்டு மடங்கு. கூடுதல் விலைக்குக் காரணம் உறையின் மீதுள்ள ஒரு சிறு முத்திரை. அதைப் பார்த்து நம்பிக்கையோடு எடுத்துப் போகும் பயனீட்டாளர்கள் உண்டு. ‘எல்லாம் ஏமாற்று வேலை’ என்று திரும்ப வைத்துவிடுபவர்களும் உண்டு. இரு சாராரில் எத்தனை பேருக்கு அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியும்?

அரசாங்க அதிகாரிகளோ வணிகர்களோ இதை முதலில் ஏற்படுத்தவில்லை. விவசாயிகளே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது. அதே முத்திரை, சில இடங்களில் சிறு விவசாயிக்கே எட்டாத பொருளாக மாறியிருக்கிறது. இந்த முரண்பாடு எப்படி ஏற்பட்டது என்பதை அறிய, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியக் குடியானவரிடம் படித்த பாடம்

ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. இந்திய விவசாயிகளுக்கு மேல்நாட்டு முறைகளைக் கற்றுக்கொடுக்க வந்தவர், சுற்றுவட்டாரக் குடியானவர்கள் விலைக்கு உரமோ மருந்தோ வாங்காமல் பயிர் வளர்ப்பதைக் கவனித்தார். அவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தமது ஆசான்களாகவே ஏற்றுக்கொண்டார். 1924-இல் இந்தூரில் அமைந்த ஆய்வு நிலையத்தில் மாட்டுச் சாணம், இலைதழை, பயிர்க்கழிவு ஆகியவற்றை அடுக்கி மட்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். அது ‘இந்தூர் முறை’ என்று பெயர் பெற்றது. 1931-லும் 1940-லும் அவர் வெளியிட்ட நூல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலரின் சிந்தனையைத் தூண்டின.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இரசாயன உரம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் முதல் ஆலை 1913-இல் ஜெர்மனியில் இயங்கத் தொடங்கியது. அதன் பின் மூட்டைகளில் வந்த உரம் தொழுவுரத்தின் இடத்தைப் பிடித்தது. இதற்கு மாற்றாக 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து ஒரு விவசாய இயக்கம் தோன்றியது. அதன் விளைபொருள்களுக்கு 1928-இல் ‘டிமீட்டர்’ என்னும் வணிக முத்திரை கிடைத்தது. உணவு விளைந்த முறையைச் சொல்லும் முத்திரைகளில் இதுவே மிகப் பழையது எனலாம்.

‘ஆர்கானிக்’ விவசாயம் என்னும் சொல்லாட்சி 1940-இல் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலின் வழி பரவியது. 1943-இல் ஈவ் பால்ஃபர் அம்மையார் எழுதிய நூலின் தொடர்ச்சியாக, 1946-இல் இங்கிலாந்தில் ‘சாயில் அசோசியேஷன்’ என்னும் மண்வளச் சங்கம் அமைந்தது. அப்போது யாரும் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நேரடிப் பழக்கம் இருந்தவரை அதற்குத் தேவையும் ஏற்படவில்லை.

54 விவசாயிகள்

1962-இல் ரேச்சல் கார்சன் வெளியிட்ட நூல், பூச்சிக்கொல்லிகள் பறவைகளையும் நீர்நிலைகளையும் பாதிப்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னது. மருந்தில்லாக் காய்கறிக்குத் தேவை கூடியது. தேவை கூடினால் விலை கூடும். விலை கூடினால் போலியும் வரும். சாதாரணச் சந்தைக் காய்கறியை வாங்கி, ‘ஆர்கானிக்’ என்று அட்டை எழுதிவைத்து விற்பவரைத் தடுக்க அன்று எந்தச் சட்டமும் இல்லை.

இதனால் பாதிக்கப்பட்டவர் பயனீட்டாளர் மட்டுமல்லர். களை எடுக்கக் கூடுதலாகக் கூலி கொடுத்து, குறைந்த விளைச்சலை ஏற்றுக்கொண்டு, நேர்மையாகப் பயிர் செய்த விவசாயிக்குத்தான் முதல் இழப்பு. போலி வணிகர் அவரைவிட மலிவாக விற்க முடிந்தது. ஆகவே விவசாயிகளே ஒன்றுகூடி, ‘இன்னது செய்தவர் மட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்’ என்று வரம்பு கட்ட முன்வந்தார்கள்.

இங்கிலாந்தின் மண்வளச் சங்கம் 1967-இல் முதல் தரவிதிகளை வகுத்தது. 1973-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 54 விவசாயிகள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சான்றளிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் உறுப்பினர்களே ஒருவர் பண்ணையை மற்றவர் பார்வையிட்டார்கள். பக்கத்துப் பண்ணையில் நடப்பது விவசாயிக்குத் தெரியாமல் போகாது என்பதே அந்த ஏற்பாட்டின் பலம். இதற்கு ஓராண்டு முன்னதாக, 1972-இல் பிரான்சின் வெர்சாய் நகரில் ‘ஐஃபோம்’ என்னும் அனைத்துலகக் கூட்டமைப்பு உருவாகியிருந்தது.

ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். அங்கு 1971-இல் இயற்கை விவசாயச் சங்கம் அமைந்தது. நகரத்துக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு விவசாயியின் விளைச்சலை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ‘தெய்கெய்’ முறை பரவியது. வாங்குபவர்கள் அவ்வப்போது வயலுக்கே சென்று களை பறித்தார்கள். நேரில் பார்க்கும் நிலத்துக்கு முத்திரை எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கடையில் வாங்குபவருக்கும் கடல் கடந்து வாங்குபவருக்கும் அந்த வழி உதவவில்லை. ஜப்பானும் 2000-ஆம் ஆண்டையொட்டி ‘ஜாஸ்’ ஆர்கானிக் முத்திரையைச் சட்டப்படி கொண்டுவந்தது.

சட்டம் நுழைந்தது

1980-களின் முடிவில் ஒவ்வொரு நாட்டிலும், ஏன் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு விதிகள் இருந்தன. ஐரோப்பியச் சமூகம் 1991-இல் பொதுவான சட்டம் இயற்றியது. அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் சட்டத்தை நிறைவேற்றினாலும், அதற்கான விதிகளை வகுப்பது எளிதாக இல்லை. 1997-இல் அமெரிக்க விவசாய அமைச்சு வெளியிட்ட வரைவு, மரபணு மாற்றப் பயிர், கதிர்வீச்சுப் பதப்படுத்தல், சாக்கடைக் கசடு ஆகிய மூன்றுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அதை எதிர்த்து 275,000-க்கும் அதிகமான கருத்துகள் அமைச்சுக்கு வந்து குவிந்தன. அமைச்சு பின்வாங்கியது. மூன்றையும் விலக்கிய இறுதி விதிகள் 2000 டிசம்பரில் வெளியாகி, 2002 அக்டோபர் 21-இல் முழு நடைமுறைக்கு வந்தன.

இதனிடையே உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999-இல் வழிகாட்டி விதிகளை வெளியிட்டது. இந்தியாவின் வர்த்தக அமைச்சு 2000-இல் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்றுமதியே அதன் முதல் நோக்கம் என்பது குறிப்பிடத்தக்கது. இப்படியாக, அண்டை விவசாயியின் கண்காணிப்பில் தொடங்கிய ஏற்பாடு, முப்பதே ஆண்டுகளில் நாடுகளுக்கிடையிலான வணிக ஆவணமாக மாறியது.

முத்திரையின் பொருள் என்ன?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். சான்றிதழ், காய்கறியைச் சோதித்துக் கொடுக்கப்படும் மருத்துவ அறிக்கை அன்று. அது விளைந்த முறையைப் பற்றிய சான்று. அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் தடை செய்யப்பட்ட எந்தப் பொருளும் அந்நிலத்தில் இடப்பட்டிருக்கக்கூடாது. ஐரோப்பாவில் பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மரப்பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாறுகாலமாகக் கழிய வேண்டும். பக்கத்து நிலத்தில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து படாதிருக்க, ஓரத்தில் இடைவெளியோ வேலியோ விட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார். அவர் வயலைப் பார்க்கும் நேரத்தைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் நேரம் அதிகம் என்று விவசாயிகள் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் அதில் காரணம் இருக்கிறது. விதை எங்கே வாங்கப்பட்டது, எவ்வளவு விளைந்தது, யாருக்கு எவ்வளவு விற்கப்பட்டது என்னும் கணக்கு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு ஏக்கரில் விளையக்கூடியதைவிட அதிகமாக விற்றிருந்தால், மீதி வெளியிலிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பொட்டலமிட்ட உணவுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் ‘ஆர்கானிக்’ என்று முத்திரையிட, உப்பும் நீரும் நீங்கலாக 95 விழுக்காட்டுப் பொருள்கள் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். 70 விழுக்காடு இருந்தால், ‘ஆர்கானிக் பொருள்கள் கொண்டு தயாரித்தது’ என்று எழுதலாம். ஆனால் அரசாங்க முத்திரை இடக்கூடாது.

பலரும் தவறாக நினைக்கும் ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்கவில்லை என்று பொருளன்று. வேப்பெண்ணெய், கந்தகம், தாமிரக் கலவை, சில நுண்ணுயிரிகள் போன்றவை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. தாமிரத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் மண்ணுக்குக் கேடு என்பதால் ஐரோப்பா அதற்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. மேலும், சத்து அதிகம் என்றோ நோய் தீரும் என்றோ அந்த முத்திரை உறுதி கூறுவதில்லை. அப்படி விளம்பரம் செய்பவர், சான்றிதழ் சொல்லாததைத் தாமாகச் சேர்த்துச் சொல்கிறார்.

மருந்து அடித்த கைகள்

மலேசியத் தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் தனி அக்கறை இருக்கக் காரணம் உண்டு. தோட்டப்புறங்களில் ‘மருந்து அடிப்பது’ என்றால் என்னவென்று பல குடும்பங்களுக்குத் தெரியும். முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களில் பெண்களே அதிகம். அவர்களில் தமிழ்ப் பெண்கள் கணிசமானோர். தோட்டங்களில் மருந்தால் ஏற்பட்ட பாதிப்புகளைப் பற்றித் தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. தோல் புண், கண் எரிச்சல், மூக்கில் இரத்தம் வடிதல் போன்ற தொல்லைகள் பொதுவெளியில் பேசப்பட்டன.

அதே 2002-இல் ‘பாராகுவாட்’ களைக்கொல்லியைத் தடை செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்து வந்தன. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் நடப்புக்கு வந்தது. 18 ஆண்டுக் காத்திருப்பு அது.

மருந்தில்லா விவசாயத்தால் முதலில் பயன்பெறுபவர் வாங்கிச் சாப்பிடுபவரா, வயலில் நிற்பவரா என்று கேட்டால், வயலில் நிற்பவர் என்றே சொல்ல வேண்டும். உண்பவருக்குச் சேர்வது எச்சம்; தெளிப்பவர் மீது படுவது நேரடி மருந்து. ஆயினும் பெரும்பாலான அரசாங்க ஆர்கானிக் விதிகளில் தொழிலாளியின் கூலி, தங்குமிடம் பற்றிய பேச்சில்லை. ஐஃபோம் கூட்டமைப்பின் தரவிதிகளில் சமூக நீதிக்கென ஒரு பகுதி உண்டு. நாடுகள் அதைச் சட்டத்தில் சேர்க்கத் தயங்கின. ஆகவே முத்திரையைப் பார்த்து, தொழிலாளிக்கு நியாயமான கூலி கிடைத்தது என்று முடிவு கட்ட இயலாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்

மலேசியாவில் 1980-களிலேயே சுற்றுச்சூழல் அமைப்பான செட்டெம், சுங்கை பூலோவில் ஒரு மாதிரிப் பண்ணை நடத்தி இம்முறையை அறிமுகப்படுத்தியது. தேசியத் தரமான எம்.எஸ்.1529, 2001-இல் வெளியானது. அதன் அடிப்படையில் விவசாய இலாகா ‘ஸ்கிம் ஆர்கானிக் மலேசியா’ என்னும் சான்றளிப்புத் திட்டத்தை நடத்தியது. பின்னர் அது ‘மைஆர்கானிக்’ எனப் பெயர் மாற்றம் கண்டது. அரசாங்கமே நடத்துவதால், வெளிநாட்டுத் தனியார் சான்றிதழுக்கு ஆகும் பெருஞ்செலவு உள்ளூர் விவசாயிக்கு இல்லை. உணவு விதிமுறைகளின்படி, தேசியத் தரத்துக்கு ஒத்துவராத உணவில் ‘ஆர்கானிக்’ என்னும் சொல்லை அச்சிடக்கூடாது.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கு உண்ணப்படும் உணவில் பெரும்பகுதி இறக்குமதியே. எனவே அந்நாட்டு விதிகள், ஆர்கானிக் என்று சொல்லி விற்கப்படும் உணவு, கோடெக்ஸ் வழிகாட்டிக்கு ஒத்த சான்றளிப்பு முறையில் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. நிலமே குறைவான நகரத்தில் அடுக்குமாடி முறையில் பயிர் செய்பவர்களையும் கருத்தில் கொண்டு, எஸ்.எஸ்.632 என்னும் தரவிதி 2017-இல் வகுக்கப்பட்டது.

சிறு விவசாயியின் கணக்கு

கட்டணம் மட்டுமே விவசாயியின் சுமை என்று நினைத்துவிடக்கூடாது. மாறுகாலம் அதைவிடப் பெரியது. இரண்டு, மூன்று ஆண்டுகள் இரசாயனமின்றிப் பயிர் செய்ய வேண்டும், விளைச்சல் குறையலாம், ஆனால் அந்த ஆண்டுகளின் அறுவடையைச் சாதாரண விலைக்கே விற்க வேண்டும். கையில் சேமிப்போ சொந்த நிலமோ இல்லாதவரால் இந்த இடைக்காலத்தைத் தாண்டுவது கடினம். ஆண்டுக்கு ஆண்டு உரிமம் புதுப்பிக்கும் நிலத்தில் காய்கறி போடுபவர், மூன்று ஆண்டுக்குப் பிறகு கிடைக்கப்போகும் முத்திரையை நம்பி எப்படி முதலீடு செய்வார்?

இதற்கு விவசாயிகள் கண்ட முதல் வழி குழுச் சான்றிதழ். நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குள் கண்காணிப்பு முறையை அமைத்துக்கொள்வார்கள். வெளிப் பரிசோதகர் அந்த முறையையும் சில பண்ணைகளையும் மட்டும் சோதிப்பார். செலவு பகிரப்படுகிறது. இந்தியாவில் சான்று பெற்ற சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் இவ்வழியில் வந்தவர்களே. தமிழ்நாட்டில் இதற்கு ‘அங்ககச் சான்று’ என்று பெயர். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறை அதை வழங்குகிறது.

இரண்டாவது வழி, பழைய கலிஃபோர்னிய முறையை நினைவுபடுத்துகிறது. பிரேசிலின் டோரஸ் நகரில் 2004-இல் கூடிய அனைத்துலகப் பட்டறை, பங்கேற்பு உத்தரவாத முறைக்கு உருவம் கொடுத்தது. ஊரிலுள்ள விவசாயிகள் ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு, கூட்டாகச் சான்று வழங்குகிறார்கள். இந்திய விவசாய அமைச்சு 2011-இல் இதை அரசுத் திட்டமாக ஏற்றது. 2017-இல் வந்த இந்திய உணவு விதிகள் இருவகைச் சான்றுகளையும் ஏற்றுக்கொண்டன. பயனீட்டாளரிடம் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கும் அளித்தன. ஆனால் பங்கேற்புச் சான்றோடு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ ஏற்றுமதி செய்ய முடியாது. அண்டை வீட்டாரின் சாட்சியம் உள்ளூரில் செல்லும். கடல் கடந்து செல்லாது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது அமெரிக்காவில். மிசூரி மாநிலத் தானிய வணிகர் ஒருவர் சாதாரணச் சோளத்தையும் சோயா அவரையையும் ஆர்கானிக் என்று பல ஆண்டுகள் விற்றுவந்தார். விற்பனை மதிப்பு 140 மில்லியன் டாலருக்கு மேல். 2019-இல் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் சான்றிதழ் இல்லாமலில்லை. காகிதம் முறையாக இருந்தது. மூட்டையில் இருந்ததுதான் வேறு. இடைத்தரகர்களும் சான்று பெற வேண்டும், இறக்குமதிக்கு மின்னியல் ஆவணம் வேண்டும் என்னும் கடுமையான விதிகள் அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் நடப்புக்கு வந்துள்ளன.

இரண்டாவது இலங்கையில். 2021-இல் அந்நாட்டு அரசாங்கம் இரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்று அறிவித்தது. மாறுகாலம் இல்லை, போதிய மாற்று உரம் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலை உற்பத்தியும் அடிவாங்கியது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் அதன் விளைவைச் சுமந்தார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அம்முடிவுக்கு ஒரு காரணம். 2021 நவம்பருக்குள் உத்தரவு பின்வாங்கப்பட்டது. சான்றிதழ் முறை மாறுகாலத்தை ஏன் வலியுறுத்துகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மண் மாற ஆண்டுகள் ஆகும். விவசாயி பழகவும் ஆண்டுகள் ஆகும்.

பயனீட்டாளர் என்ன செய்யலாம்?

உறையில் ‘இயற்கை’, ‘பசுமை’, ‘நேச்சுரல்’ என்றெல்லாம் எழுதியிருப்பதால் அது ஆர்கானிக் ஆகிவிடாது. சான்றளித்த அமைப்பின் பெயரும் பண்ணையின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலேசிய விளைபொருளானால் மைஆர்கானிக் முத்திரை, இறக்குமதியானால் அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட முத்திரை. எண் இருந்தால் கேட்டுச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாத கடைக்காரரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

சான்றிதழ் இல்லாத சிறு விவசாயி காலைச் சந்தையில் கீரை விற்றால் அவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடவும் தேவையில்லை. நிலம் எங்கே, பூச்சி வந்தால் என்ன செய்கிறார், உரம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். உண்மையாகப் பயிர் செய்பவர் விளக்கமாகப் பதில் சொல்வார். நிலத்தைப் பார்க்க வரச் சொல்லி அழைக்கவும் செய்வார். முடிந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பார்த்த பிறகு நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து அவரிடம் வாரந்தோறும் தவறாமல் வாங்க முன்வந்தால், மாறுகாலத்தைத் தாண்ட அவருக்கும் ஒரு பிடிப்புக் கிடைக்கும்.